வாலில் மணி கட்டிய பேச்சு

1992 பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றிலிருந்து நான் பல்கலைக்கழகப் பாடப்பொருள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு அறுந்துபோனது. இப்படிப் பின்வாசல் வழியாக உள்ளே போவேன் என்று யார் கண்டார்கள்.

என் மகள் ஷஹ்லோ பாரசீகத் துறையில் மூன்றாம் ஆண்டு. இந்த ஆண்டு அவளுக்கு வட்டாரப் பேச்சு ஆய்வு. ஈரானில் பேசுவதும் காபூலில் பேசுவதும் இங்கே துஷான்பேயில் பேசுவதும் ஒரே மொழிதானாம். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு சட்டை மட்டும் மாற்றிக்கொள்கிறதாம். ராஷ்த் மலைப் பேச்சுக்கு ஓர் ஆள் வேண்டும். வீட்டிலேயே ஒருவன் இலவசமாகக் கிடக்கும்போது மலை ஏறுவானேன்?

டேப் ரிக்கார்டரை என் மூக்குக்குக் கீழே வைத்தாள்.

"அப்பா, நீங்க வீட்டுக்கு வரேன்னு எப்படிச் சொல்வீங்க?"

"ஊட்டுக்கு வர்றனுங்."

"எனக்கு எதுக்குப்பா மரியாதை?"

"மரியாதை இல்ல புள்ள. என்ற நாக்கு அப்படித்தான் முடியும்."

நாங்கள் ஒவ்வொரு பேச்சின் வாலிலும் ஒரு சின்ன மணி கட்டிவிடுகிறோமாம். தெற்கே கூலோப்காரர்கள் சொல்லின் நடுவில் ஒரு கல்லை வைப்பார்களாம். இருபது வருடமாக, மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராலி வண்டியை ஓட்டி, நிறுத்தங்களின் பெயரை மைக்கில் கூவுகிறேன். நகரம் முழுக்க மணி அடித்துக்கொண்டு போயிருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 22, ஞாயிறு

நவ்ரூஸ், வசந்தப் புத்தாண்டு விருந்து. கோதுமை முளைக் களியை என் மனைவி சோரோ முற்றத்தில் கிண்டினாள். நான் கிண்டியதாக எல்லோரிடமும் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. முப்பது வருட மண வாழ்வில் இதெல்லாம் சகஜம்.

எதிர்வீட்டு நஸ்ரி வந்தான். குளிர்பெட்டி பழுது பார்ப்பவன், கூலோப்காரன். ஷஹ்லோ அவனைப் போலவே பேசிக் காட்டினாள். அவன் கையிலிருந்த தேநீர் சிந்தியது.

"ஏ தாயி! எங்க அம்மையே வந்து நிக்க மாதிரில்லா இருக்கு!"

பிறகு தன் அம்மாவைப் போல, வடக்கே குஜந்த் ஊர்க்காரியாகப் பேசினாள். பிறகு என்னைப் போல.

"ஓய் ஷோதி," என்றான் நஸ்ரி. "உம்ம மவ உம்மைவிட நல்லால்லா உம்மள மாதிரி பேசுதா!"

ஏப்ரல் 24, வெள்ளி

ஊருக்குள் இரண்டு மைதானங்கள், இரண்டு கூட்டங்கள். ஒன்றில் அரசை எதிர்க்கும் எங்கள் மலைக்காரர்கள், இன்னொன்றில் அரசை ஆதரிக்கும் தெற்கத்தியார். இரண்டுக்கும் நடுவில் என் வண்டி போகிறது.

இன்று நிறுத்தத்தின் பெயரைச் சொன்னதும் பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "டிரைவர் எந்த ஊரு?"

"இந்த ஊருதானுங்."

"அதான் கேக்குதே," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் சேர்ந்துகொள்ளப் பார்த்தேன். அதில் எனக்கு இடம் இல்லை.

நாளையிலிருந்து நிறுத்தங்களை ரஷ்ய மொழியில் சொல்லப்போகிறேன். என் ரஷ்யப் பேச்சு யாருக்குமே புரியாது, ஆனால் அதற்கு ஊர் கிடையாது.

மே 6, புதன்

தெருவில் சுடுகிறார்கள், வண்டிகள் ஓடவில்லை. சோரோ மெத்தையை எடுத்து ஜன்னலில் நிறுத்தினாள். நம் வீட்டில் மெத்தை வேலைக்குப் போகிறது, நான்தான் சும்மா கிடக்கிறேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

தெற்கிலிருந்து ஓடிவந்தவர்களைப் பல்கலைக்கழக விடுதியில் வைத்திருக்கிறார்கள். நம் மலையிலிருந்து போய்த் தெற்கே பருத்திக்காட்டில் குடியேறிய குடும்பங்கள்தான் அதிகம். ஷஹ்லோ ரொட்டி கொண்டுபோனாள்.

திரும்பி வந்தவள் சாப்பிடவில்லை. ஒரு பெண் சொன்னாளாம் — பாலத்தில் ஆயுதக்காரர்கள் நின்று ஒவ்வொருவரையும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்களாம். எங்களைப் போலச் சொன்னவர்களை ஓரமாக நிறுத்தினார்களாம். அந்தப் பெண்ணின் கொழுந்தன் அந்த ஓரத்தில் நின்றவன்.

"நான் என்ன கேட்டேன் தெரியுமாப்பா? 'எந்த வார்த்தைங்க?'ன்னு கேட்டேன். அதைத்தான் கேக்கத் தோணுச்சு எனக்கு."

"அவ என்ன சொன்னா?"

"என்னையே பாத்தா."

டேப் ரிக்கார்டர் அலமாரிக்கு மேலே போய்விட்டது.

செப்டம்பர் 27, ஞாயிறு

அவளுடைய பேராசிரியர் கமோலுத்தீன் வீட்டுக்கு வந்தார். பெரிய படிப்பாளி என்று நான் பயந்துகொண்டே தேநீர் ஊற்றினேன், பாதி தட்டில் விழுந்தது. அவருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

"என்னைக் கூப்பிட்டாங்கம்மா," என்றார் ஷஹ்லோவிடம். "சோதனைச் சாவடியில உக்காந்து காது குடுங்கன்னாங்க. யார் எந்தப் பள்ளத்தாக்குன்னு நீங்க கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவீங்களாமேன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"காது மந்தமாயிடுச்சுன்னேன். அவங்களுக்குச் சிரிப்பு. நல்ல காது உள்ள மாணவங்க யாருன்னு கேட்டாங்க. யாரும் இல்லன்னேன்."

வாசல்வரை போனவர் திரும்பினார். "நீ கொஞ்ச நாளைக்கு நல்லாப் பேசாதே," என்றார்.

யார் கேட்டார்கள், எந்தப் பக்கத்தார் என்று நான் கேட்கவில்லை. இப்போது எல்லாப் பக்கத்திலும் சாவடி இருக்கிறது.

அக்டோபர் 30, வெள்ளி

பேராசிரியரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். வாசலில் செருப்பு அப்படியே கிடக்கிறதாம்.

டிசம்பர் 12, சனி

தெற்கத்தியார் நகரத்துக்குள் வந்துவிட்டார்கள். பேருந்துகளை நிறுத்தி அடையாளப் புத்தகத்தில் பிறந்த ஊரைப் பார்க்கிறார்கள். புத்தகம் இல்லையென்றால் பேசச் சொல்கிறார்கள்.

மாலையில் நஸ்ரி வந்து கதவைச் சாத்தினான்.

"சோரோவும் பிள்ளையும் பொறந்தது வடக்கயும் இங்கயும். அவியளுக்கு ஒண்ணும் வராது. குஜந்துக்கு விமானம் ஏத்தி விட்டுருதேன். உம்மகூட நின்னாத்தான் வில்லங்கம்."

"நான் எங்க போறதுங்?"

"இந்தா பாரும், இந்த 'ங்'கை முதல்ல முழுங்கும்! நீரு எங்கயும் போகாண்டாம். ஷோதி ஓடிட்டான். நீரு தவ்லத், எங்க சித்தப்பா மவன். ஓடிப்போன மலைக்காரன் வீட்டைப் பிடிச்சுக்கிட்டீரு. இப்ப எல்லாவனும் அதைத்தான செய்யுதான்."

ஆக, நான் என்னை விரட்டிவிட்டு என் வீட்டை அபகரித்தவன். இத்தனை வருடத்தில் நான் செய்த முதல் துணிச்சலான காரியம்.

அடையாளப் புத்தகத்தை அடுப்பில் போட்டோம். அட்டை எரிய மறுத்தது. சோரோ கத்தியால் வெட்டி வெட்டிப் போட்டாள்.

"டிப்போவுல?" என்று கேட்டாள்.

டிப்போவில் மிச்சம் இருப்பது ரஷ்யக் கிழவர்கள். அவர்களுக்கு எங்கள் பேச்சு, எங்கள் பெயர் எல்லாம் ஒன்றுதான்.

டிசம்பர் 13, ஞாயிறு

காலையிலிருந்து வகுப்பு. பல்கலைக்கழகம் பூட்டியிருக்கிறது, சமையலறையில் திறந்திருக்கிறது. ஒரே மாணவன், அவனும் மக்கு.

"வருதேன். சொல்லுங்கப்பா."

"வருதேனுங்."

"வருதேன்!"

"வருதேன்... ங்."

சோரோ சிரித்தாள். நானும் சிரித்தேன். ஷஹ்லோ மேசையைக் குத்தினாள். "சிரிக்காதீங்க! சிரிக்காதீங்க ரெண்டு பேரும்!"

அப்புறம் நாங்கள் சிரிக்கவில்லை. போகிறேன், குடிக்கிறேன், தெரியாது, இங்கேதான் இருக்கிறேன். ஒவ்வொரு சொல்லின் நடுவிலும் கல் வைக்கக் கற்றுக்கொண்டேன். மாலைக்குள் நாக்கு வீங்கியது போல இருந்தது. நஸ்ரி வந்து கேட்டுவிட்டு, "பரவால்ல, பல்லு வலிக்காரன் பேசுதது மாதிரி இருக்கு. பல்லு வலின்னே சொல்லிரலாம்," என்றான்.

டிசம்பர் 15, செவ்வாய்

நான் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தேன். ஷஹ்லோ பின்னால் வந்து சூடான கரண்டியை என் கழுத்தில் வைத்துவிட்டாள். அலறினேன். அம்மாவைக் கூப்பிட்டு அலறினேன் — எங்கள் மலையில் கூப்பிடும் சொல்லில்.

கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

"அதுதாம்பா. மத்த எல்லாச் சொல்லும் மாறிடும். இது கடைசியாத்தான் மாறும். புத்தகத்துலயே இருக்கு. அவங்களுக்குப் புத்தகம் தெரியாது, ஆனா துப்பாக்கிக் கட்டையால ஒரு இடி இடிச்சிட்டுத்தான் கேக்கறாங்க."

"அதுக்காவ என்னைய வேக வெச்சு எடுக்கறதா?"

"மறுபடி வைக்கணும்ப்பா. அந்தச் சொல் மாறுற வரைக்கும்."

வைக்கவில்லை. கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு என் கழுத்துக்கு வெண்ணெய் தடவினாள். என் அம்மா இறந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. நான் அந்தச் சொல்லைக் கடைசியாக எப்போது சொன்னேன்? இன்றுதான்.

இரவு படுக்கையில் நானே தொடையைக் கிள்ளிக்கொண்டு கூலோப்காரனாக அம்மாவைக் கூப்பிட்டேன். சோரோ தூங்குவது போலக் கிடந்தாள்.

டிசம்பர் 19, சனி

போய்விட்டார்கள். நஸ்ரி விமான நிலையம் வரை கூட்டிப் போனான். நான் வாசலுக்குக்கூட வரவில்லை. ஓடிப்போனவன் எப்படி வழியனுப்புவான்?

ஷஹ்லோ என் கழுத்துப் புண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். பேசினால் எந்தப் பேச்சில் பேசுவது என்று யோசித்திருப்பாள்.

டிசம்பர் 20, ஞாயிறு

சேர்ந்துவிட்டார்களாம். நஸ்ரிக்குச் செய்தி வந்தது. என் வீட்டுத் தொலைபேசியில் இப்போதைக்குக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

டிசம்பர் 29, செவ்வாய்

மேல்வீட்டில் புது ஆள். அங்கிருந்த பாமீர் மலைக் குடும்பம் எங்கே என்று சுவருக்குத்தான் தெரியும். புது ஆள் பெயர் அஷூர், கூலோப்காரன், இடுப்பில் கைத்துப்பாக்கி. அவன் வீட்டில் தொலைபேசி இல்லை, அதனால் என் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

"நல்ல வீடாத்தான் பிடிச்சிருக்கீரு வே," என்றான்.

"முன்ன இருந்தவன் சோம்பேறி. குழாய் ஒழுகுது," என்றேன். உண்மைதான். பத்து வருடமாக ஒழுகுகிறது. அந்த ஷோதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் திட்டினேன். அஷூருக்குப் பிடித்திருந்தது.

இந்த நாட்குறிப்பை எழுதுவது புத்திசாலித்தனமில்லை. ஆனால் எழுத்தில் மணியோசை கேட்காது. ஒரு நாளில் இங்கே மட்டும்தான் நான் எந்த ஊர்க்காரனும் இல்லை. ஒவ்வொரு முறையும் குழாய்க்குப் பின்னால் இருக்கும் ஓட்டைக்குள் செருகிவிடுகிறேன். ஒழுகும் குழாய்ப் பக்கம் யாரும் கை வைப்பதில்லை.

1993 ஜனவரி 21, வியாழன்

இன்று வண்டியை நிறுத்தினார்கள். மூன்று பேர் ஏறினார்கள். ஒருவன் என் பக்கம் வந்து ஒன்றும் கேட்காமல், பக்கக் கதவை என் விரல்மேல் அடித்தான்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவர்கள் அம்மாவை.

"நம்மாளு," என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனான். அந்த நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம். எழுதவே கூசுகிறது. பரீட்சையில் தேறிய பையன் போல — ஷஹ்லோவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "நானுங், மார்க்கெட்டுக்குப் போறனுங், விட்டுருங்..."

திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ராஷ்த்தில் ஆற்றின் மேல்கரைப் பேச்சு. அந்த அளவுக்கு எனக்கும் காது இருக்கிறது. அவரை இறக்கினார்கள். ஒருவன் வண்டியைத் தட்டிப் போகச் சொன்னான். நான் கதவை மூடினேன். டிரைவரின் வேலை கதவை மூடுவதுதானே? — வேலைதானா அது? அவர் வயது என்ன இருக்கும்? முகத்தைக்கூடப் பாக்கலையே நான். அட பாவி, முகத்தைக்கூடப் பாக்கலையே.

விரல் நகம் கறுத்துவிட்டது.

பிப்ரவரி 3, புதன்

கண்ணாடி முன்னால் நின்று என் சொந்தப் பேச்சில் ஒரு வாக்கியம் பேசிப் பார்த்தேன். நாடகக்காரன் போல இருந்தது. நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 14, ஞாயிறு

மதியம் அஷூர் வழக்கம் போல வந்து காய்ந்த திராட்சை கொறித்துக்கொண்டிருந்தான். தொலைபேசி நீளமாக அடித்தது, வெளியூர் அழைப்பு.

"எடும் வே," என்றான்.

எடுத்தேன். "ஆரு பேசுதது?"

மறுமுனையில் மூச்சு. பிறகு, தணிந்த குரலில், "எங்க அப்பா இருக்காரா?"

என் ஷஹ்லோ. எட்டு வாரத்துக்குப் பிறகு. மணி கட்டிய ஒரே ஒரு சொல் நான் சொன்னால் போதும், அப்பாதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அஷூர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவிய இங்க இல்ல தாயி," என்றேன்.

கம்பியில் இரைச்சல். வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். என் குரல் அவளுக்கே தெரியாமல் போய்விட்டதோ?

பிறகு அவள் பேசினாள். ஒவ்வொரு சொல்லின் நடுவிலும் கல் வைத்து, சத்தமாக. "அப்படியா? நல்லா இருக்காவளா அவிய?"

"இருக்காவ. வண்டி ஓட்டுதாவ."

"சாப்பிடுதாவளா?"

"அவியளே ஆக்கிச் சாப்பிடுதாவ. வாயில வைக்க முடியாது. ஆனாலும் சாப்பிடுதாவ."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. "அம்மை கேக்கச் சொல்லுதா. கதவைப் பூட்டிட்டுப் படுக்காவளான்னு."

"பூட்டுதாவ."

"பாத்தாச் சொல்லும். இங்க ஒரு பள்ளிக்கொடத்துல பாரசீகம் சொல்லிக்குடுக்கேன். சின்னப் பிள்ளையளுக்கு. சுத்தமான புத்தக மொழி மட்டும். ஊர்ப் பேச்சு ஒண்ணும் இல்லன்னு சொல்லும்."

"சொல்லுதேன் தாயி."

இரண்டு பேருமே வைக்கவில்லை. இணைப்பகத்துப் பெண் நேரம் முடிந்தது என்று ரஷ்ய மொழியில் சொன்னாள். அதன் பிறகும் கொஞ்ச நேரம் ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"ஆரு வே அது?"

"எங்க ஊருப் பிள்ள. உறவுமுறை. ஒருத்தரைப் பத்தி விசாரிக்கா."

"இங்க வரைக்கும் கேட்டுச்சு." அஷூர் ஒரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினான். "எம்புட்டு சுத்தமா பேசுதா பாரும். டவுனுக்கு வந்த நம்ம பிள்ளைய எல்லாம் பேச்சை மறந்துபோச்சு. இவ அப்படியே எங்க ஆச்சி காலத்துப் பேச்சுல்லா பேசுதா. எப்படி வே?"

"படிச்ச பிள்ளைல்லா," என்றேன்.