பதிலுக்குக் காத்திருக்கும் குரல்

அன்புள்ள கண்ணு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா இங்கே சௌக்கியம். என் சௌக்கியத்தை நீ ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் விசாரித்து, விவரமாகப் பதிலும் வாங்கிக்கொண்டாய். அதில் ஒரு வார்த்தைகூட நான் பேசியதில்லை என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். படியேறிக்கொண்டே படிக்காமல் உட்கார்ந்து படி.

எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, பேச்சு மட்டும் இனிமேல் இல்லை. இங்கிலீஷ் வாத்தியாராக நான் அத்தனை வருஷம் கத்தியதைக் கேட்டவர்கள் இதை ஒரு நஷ்டமாக நினைக்கமாட்டார்கள். உனக்குத் தெரிவிக்கலாம் என்று எழுதிக் காட்டினேன். “அவ அங்க ஒண்டியா இருக்கா, கேட்டா சோறு இறங்காது” என்று உன் அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டு, அந்தப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தாள்.

ரிட்டயரானதும் ஒரு கம்பெனியின் இங்கிலீஷ் சொல்லித்தரும் பேசும் பெட்டிக்குப் பாடம் பேசிக் கொடுத்தேனே, அதுதான். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து ‘வெயிட்’ என்ற சொல்லில் நிறுத்த வேண்டும். அடுத்து வருவது ‘ஃபார்’ என்பதா, ‘ஆன்’ என்பதா என்று கேட்பவர் சொல்லும்வரை காத்திருந்து, பிறகு சரியானதைச் சொல்ல வேண்டும். ‘ஃபார்’ போட்டால் காத்திருக்கிறோம், ‘ஆன்’ போட்டால் பரிமாறுகிறோம். நீகூட வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேனேஜருக்குக் காத்திருப்பதாக எழுத நினைத்து, அவருக்குப் பரிமாறுவதாக எழுதிவிட்டு என்னிடம் ஃபோனில் அழுதாய். எனக்கு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தவே வரவில்லை. ரெக்கார்டிங் செய்தவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து “சார், புண்ணியமாப் போகும், கொஞ்சம் வாயை மூடுங்க, அவங்க யோசிக்கட்டும்” என்று கும்பிட்டுப் பார்த்தார். கடைசியில் மௌனங்களை அவரே வெட்டி ஒட்டிக்கொண்டார். ஆகவே பெட்டியில் குரல் என்னுடையது, பொறுமை அவருடையது.

என் குரலைக் கற்றுக்கொண்ட அந்தப் பெட்டி தமிழிலும் பேசும். உன் அம்மா அதன் பக்கத்தில் ஃபோனை வைத்தாள். நீ பேசினாய், அது பேசியது. எந்தச் சொல்லுக்குப் பின்னால் எதைப் போடுவது என்று வழக்கம்போல் நீ கேட்க, அது எடுத்த எடுப்பில் விடையைச் சொல்லாமல் உன்னிடமே திருப்பிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தது. “அப்பா இப்பல்லாம் நான் சொல்றத எவ்ளோ பொறுமையா கேக்குறாரும்மா” என்று நீ சொன்னபோது நான் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில், ஆபரேஷன் இன்னும் முன்னாலேயே நடந்திருக்கலாம் என்பதுபோல் ஏதோ இருந்தது.

புதன்கிழமை பகலில் அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். பெட்டி அலமாரிக்குள், வயரைச் சுற்றி வைத்தபடி. மேஜைமேல் ஃபோன் அடித்தது, நீதான். நான் கையில் எடுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. அலமாரிக்குள்ளிருந்து என் குரல், “சொல்லு கண்ணு” என்றது. கண்ணு என்ற வார்த்தையை நான் எந்தக் கம்பெனிக்கும் பேசிக் கொடுக்கவில்லை. லீவு போட்டுவிட்டு வரவா என்று நீ கேட்டாய் போலிருக்கிறது. “எதுக்குக் கண்ணு வீண் அலைச்சல், நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றது. என் கையில் ஃபோன் அணைந்து கிடந்தது. கத்த முடியாததால் அலமாரிக் கதவை ஓங்கித் தட்டினேன். பிறகு அது உன்னிடம் சொன்னது: “யாருமில்ல கண்ணு, காத்து.”

கதவைத் திறந்தால் பெட்டி வைத்தது வைத்தபடி இருக்கிறது. உடைக்கப் போனேன். உன் அம்மா வந்து பிடுங்கிக்கொண்டாள். “அதையும் உடைச்சுட்டா உங்க குரலை நான் எங்க போய்க் கேக்குறது?” என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் உனக்காகவும் பயந்தாள், எனக்காகவும் பயந்தாள். பெட்டிக்கு மட்டும்தான் பயப்படவில்லை.

நீ கிளம்பி வா. வருவதற்கு முன் ஃபோன் செய்து விசாரிக்காதே. இந்தக் கடிதம் கிழவனின் விளையாட்டு என்று அது சொல்லும், சொல்லிவிட்டு நீ ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்கும். மஃப்ளரை மறக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இரு.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். வீட்டுக்கு வந்ததும் கதவைத் தட்டு. உள்ளேயிருந்து என் குரல் “வா கண்ணு, தொறந்துதான் இருக்கு” என்று கூப்பிட்டால் உள்ளே வராதே. நான் வந்து கதவைத் திறக்கும்வரை வாசலிலேயே நில்.

இப்படிக்கு,
ஒன்றும் பேசாத
உன் அப்பா