அலைப்பலகைக்குள் இருந்த மரம்

போன வாரம் கடைக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள், சுவரில் மாட்டியிருந்த, கடலில் அலைமேல் நின்று போக நாம் செய்த அலைப்பலகையைக் கை தவறிப் போட்டுவிட்டார்கள். நட்டநடுவே இரண்டாகப் போய்விட்டது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவன் முறிந்த இடத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நீலப் பெயிண்டுக்கு அடியில், தெர்மோகோலுக்கு நடுவே தெரிந்த மரம் வெளிறிய சிவப்பாக இருந்தது. மீன் செதில் மாதிரி புள்ளி புள்ளியாக மின்னியது. மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன். தேக்கு வாசமே இல்லை.

அது உன் வால்பாறை சில்வர் ஓக்கு. உனக்குத் தெரியும். எனக்குத்தான் இத்தனை வருடம் கழித்துத் தெரிகிறது.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் நம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கடை. நான் பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். நீ கல்யாண மேடைக்குத் தெர்மோகோலில் மாப்பிள்ளை, பெண் பெயரை வெட்டிக்கொண்டிருந்தாய். ஒரே வயதுதான். நான் உன்னை நீ என்பேன், நீ என்னை நீங்க என்பாய். அதை ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. அப்போது புதிதாக வந்திருந்த கேபிள் டிவியில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் அலைமேல் நின்றுகொண்டு போனான். நீ என் கடைக்குள் ஓடிவந்தாய்.

"ஏனுங், அந்தப் பலகைக்குள்ள நம்ம தெர்மோகோலாட்டந்தானுங்க இருக்கோணும்! நாமளே செஞ்சுபோடலாமுங்க."

பலகை முறியாமல் இருக்க நீளவாக்கில் நடுவே ஒரு மரச்சட்டம் வேண்டும். எந்த மரம் என்பதில்தான் நாம் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினோம். மூங்கில் கணுவில் விட்டுப்போனது. உடுமலையிலிருந்து வந்த பாக்குமரம் சிராய் சிராயாகப் பிரிந்தது. நீ ஊருக்குப் போய் சில்வர் ஓக்கில் ஒரு சட்டம் இழைத்துக் கொண்டுவந்தாய். இரண்டு நாற்காலிக்குக் குறுக்கே வைத்து நடுவில் ஏறி நின்றாய். அது வளைந்தது. நீ இறங்கியதும் நிமிர்ந்துகொண்டது.

"இப்பிடி வளைஞ்சு திரும்பி வரோணுங்க" என்றாய். நானும் கண்ணால் பார்த்தேன்.

பார்த்தும் என்ன பிரயோஜனம்? கோபி பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டை இடித்தபோது கிடைத்த தேக்குப் பலகையை பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்து இறக்கினேன். எங்கள் பாட்டன் வாங்கிப் போட்ட தேக்கு. நான் ஏறி நின்றேன். அசையவே இல்லை. அந்தத் தெம்பில் சொன்னேன்: "இது மரம்! உன்றது எஸ்டேட்டுல நெழலுக்கு நட்டு வெக்கறது. லயத்துல அடுப்பெரிக்கறதைக் கொண்டாந்து இதுல வெப்பாங்களா?"

சொன்ன பிறகுதான் உன் அப்பாவும் அம்மாவும் வால்பாறையில் தேயிலை பறித்துக்கொண்டு அந்த லயத்து வீட்டில்தான் இருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. நீ சிரித்தாய். "ஆகட்டுங்க, உங்க தேக்குலயே அறுத்து வெச்சுருவோம்" என்று பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாய். எதையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசி நான் உன்னைப் பார்த்ததில்லை.

அலைப்பலகை தயாரானதும், பொன்னானிக் கடலில் நீ அதன்மேல் எழுந்து நின்றாய். நானும் ஒரு மூச்சு நின்று குப்புற விழுந்தேன். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. கரையில் வேடிக்கை பார்த்த மீன்காரர்களிடம், "உள்ள தேக்குங்க, எங்க பாட்டன் காலத்துத் தேக்கு" என்றேன். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். கடைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னேன். உன் வீட்டு வாசலில் கிடக்கும் பச்சை பெஞ்சில் உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீ போன பிறகு, முப்பதாம் நாள் ஜெபத்தில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அப்போதும் தேக்குக் கதையைத்தான் சொன்னேன். உன் மகன் தலையைக் குனிந்துகொண்டான். அழுகிறான் என்று நினைத்தேன்.

முறிந்த துண்டோடு நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"கண்டுபிடிச்சுட்டீங்களாண்ணா? பசை தடவறப்ப நாந்தானுங்க புடிச்சுட்டு நின்னேன்."

"அப்ப என்ற தேக்குப் பலகை?"

"அதுலதானுங்க உக்காந்துட்டு இருக்கறீங்க."

எழுந்து குனிந்து பெஞ்சின் அடியில் பார்த்தேன். பெயிண்டு அடிக்காத பக்கத்தில் எங்கள் வீட்டு ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. பாட்டன் பெருமையை அந்தத் தேக்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டு அளந்திருக்கிறேன். வீடே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. உடம்பெல்லாம் கூசியது. எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மணி."

"உங்ககிட்டச் சொல்லிப்போடறேன்னுதானுங்க நான் சொல்லுவேன். அவருதான், 'உடு, அவரு ஆசையாச் சொல்லீட்டு இருக்கறாரு, நமக்கென்ன கொறஞ்சு போச்சு'ம்பாருங்க."

லயத்தைப் பற்றி நான் சொன்னதை அவளிடம் நீ சொல்லியிருப்பாயா? சொல்லியிருக்கமாட்டாய். அதுதான் என்னை அறுக்கிறது. திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

டீ வந்தது. நின்றுகொண்டே வாங்கினேன். உன் மகன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். உன் சிரிப்பு அப்படியே அவனுக்கு.

"உக்காருங்க அங்கிள். பொன்னானிக் கதையச் சொல்லுங்க. அப்பா இருந்தாக் கேப்பாரு."

அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். கேபிள் டிவியிலிருந்து ஆரம்பித்து, மூங்கில், பாக்கு எல்லாம் சொன்னேன். வழக்கமாகத் தேக்கு வருகிற இடம் வந்தது. உன் மரத்தின் பெயரைச் சொன்னேன். மடியில் இருந்த துண்டை அவன் கையில் கொடுத்தேன். மீதிக் கதையை உன் மகன்தான் சொல்லி முடித்தான்.