எழுத்தோடு நின்றுபோன கலியாணம்

ஸ்காபரோ,
ரொறன்ரோ.
16.02.1997

அன்புள்ள மகள் நிலாணிக்கு அம்மா எழுதுவது,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். எனக்கு முழங்கால் உளைவு பனிக்குக் கூடுகிறது, மற்றப்படி குறையில்லை. அன்ரனெற் அன்ரியின் இருமல் எப்படி? கொழும்பில் அந்தச் சின்ன லொட்ஜ் அறையில் உன்னைத் தன் பிள்ளைபோல வைத்திருக்கிற மனுசி, அவவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, சாட்டுச் சொன்னால் விடாதே. இதை ரெலிபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் மனேச்சரின் மேசையடியில் நின்று நீ அழுவதை லொட்ஜில் இருக்கிற எல்லோரும் பார்க்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கடைசிவரை வாசி, நடுவில் மடித்து வைக்காதே.

என் படிப்பைக் கேட்டிருந்தாய். பரலீகல் என்பது சட்டத்தரணிமாருக்குக் கீழே இருந்து பத்திரம், விண்ணப்பப் பாரம் எல்லாம் ஆயத்தம் செய்கிற படிப்பு. விடியற்காலை மார்க்கம் என்கிற பக்கத்து ஊரில் ஒரு கந்தோரைத் துடைத்துவிட்டு மூன்று பஸ் மாறிக் கொலிச்சுக்குப் போகிறேன். என்னோடு படிக்கிறதுகள் எல்லாம் உன் வயதுப் பிள்ளைகள், முதல்நாள் நான் உள்ளே போக ரீச்சர் வந்துவிட்டா என்று நினைத்துக் கதையை நிறுத்திவிட்டதுகள். அகராதியும் கையுமாகத்தான் இருக்கிறேன், ஆனாலும் விளங்குகிறது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

தை மாதம் குடும்பச் சட்டம் தொடங்கியது. செலீன் என்கிற ரீச்சர் சொன்னா, பதிவுகாரர், இரண்டு சாட்சி, இரண்டு பேரின் கையெழுத்து, அவ்வளவோடு கலியாணம் முடிந்தது, அதற்குப் பிறகு அதுகள் ஒரு நாளும் ஒன்றாக இருக்காவிட்டாலும் புருசன் பெண்சாதிதான் என்று. நான் எழும்பி நின்று, எங்களுடைய ஆட்களிடம் எழுத்து, அதுதான் கலியாணப் பதிவு, முடிந்தாலும் தாலி கட்டும்வரை பொம்பிளைப் பிள்ளை தாய்வீட்டுப் பிள்ளைதான் என்று தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. உங்கட நாட்டுச் சட்டத்திலையும் பதிஞ்சால் பதிஞ்சதுதான், குழம்பினால் கோட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேணும் என்கிற மாதிரி மெல்லச் சொன்னா.

நிலாணி, அந்த நாசமாய்ப்போன கீதன் ஜேர்மனியிலிருந்து பத்து நாள் லீவில் வெள்ளவத்தைக்கு வந்ததும், உன்னைக் கூப்பிடப் பத்திரம் வேண்டும், இப்போது எழுத்தை முடிப்போம், தாலியை அங்கே கட்டலாம் என்று அவன் ஆட்கள் சொன்னதும், நீ வேண்டாம் வேண்டாம் என்று நிற்க நான் உன்னை அதட்டிக் கையெழுத்து வைப்பித்ததும் எல்லாம் என் தலையில்தான். நீ அங்கே போய்விடுவாய் என்று நம்பித்தான் உன்னை விட்டுவிட்டு இங்கே வந்தேன். அவன் வேறொருத்தியோடு இருக்கிறான் என்று தெரிந்தபோது, நல்லகாலம் எழுத்தோடு நின்றுபோச்சு என்று நான் சாமிக்கு அருச்சனை கூடச் செய்வித்தேன், விசர்மனுசி. பிறகு உன்னைக் கனடாவுக்கு என் பிள்ளையாகக் கூப்பிடுகிற பாரம் வந்தது. மேல்வீட்டுப் பஸ்ரியன் அண்ணைதான் நிரப்பினார். பிள்ளை கலியாணம் கட்டினதோ என்று கேட்டார், இல்லை என்றேன். அது பொய் என்று எனக்குத் தெரியாது, அம்மாவாணை தெரியாது. உண்மை என்று கையெழுத்து வைத்தேன்.

போன கிழமை சோதனையில் இதே கேள்வி வந்தது. பதிந்தார்கள், சடங்கு இல்லை, பிரிந்துபோனார்கள், இவள் கலியாணமானவளா? ஓம் என்று எழுதி, ஏன் என்றும் எழுதினேன். முழுப் புள்ளி. வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள், எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

பஸ்ரியன் அண்ணை சொல்லுகிறார், சும்மா இரு யோகராணி, உதை ஆர் கிண்டப் போகினம் என்று. செலீன் ரீச்சரிடம் தனியாகக் கேட்டேன். கொழும்பில் கனடாத் தூதரகம் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துப் பிடித்தால் பொய் சொன்னவள் என்று உன் பெயர் விழும், என் கனடா இருப்பையும் கிளறுவார்கள், நாங்களே முந்திச் சொன்னால் அது தெரியாமல் விட்ட பிழை, பொய் அல்ல என்றா. ஆனால் கலியாணமானவளை இந்தப் பாரத்தில் பிள்ளையாகச் சேர்க்க முடியாது. நீ இந்தமுறை வரமாட்டாய். கோட்டில் பிரித்த பிறகு வேறு வழி இருக்குமா என்று கேட்டேன், அவ உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. உனக்குப் பொய் ஆறுதல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

உண்மையை எழுதி, நேற்றே பதிவுத் தபாலில் குடிவரவுக் கந்தோருக்கு அனுப்பிவிட்டேன். முதலில் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ மறிப்பாய், நீ அழுது மறித்தால் நான் நின்றுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதுதான் கேட்கவில்லை. இரண்டாந்தரமும் உன் வாழ்க்கையில் உன் சொல்லைக் கேட்காமல் ஒரு கையெழுத்தை விழுத்தியிருக்கிறேன்.

பங்குனி பதினோராம் திகதி தந்திருக்கிற நேர்முகத்தை நிறுத்தாவிட்டால் தூதரகத்துக்குப் போ. கேட்டால் ஓம், பதிஞ்சது எண்டு சொல்லு, தலையைக் குனியாதே. கோபம் ஆறாவிட்டால் என்னை ஏசியாவது இரண்டு வரி போடு. பிள்ளையார் உன்னைக் கைவிடமாட்டார், நீ நல்லாய் இருப்பாய். வெளியே போகும்போது அடையாள அட்டையையும் கொழும்பில் தங்கப் பொலிஸ் தருகிற பதிவுத் துண்டையும் மறந்துவிடாதே, துண்டு முடிகிற திகதியைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள். சித்திரைக்குள் நீ இங்கே வந்துவிடுவாய், பிறகு அதற்கு வேலையிருக்காது என்று நினைத்திருந்தேன்.

உன் அம்மா,
யோகராணி