இஸ்மாயிலின் நீலப் புள்ளி

என் அன்பு மாப்ளே இஸ்மாயிலுக்கு,

நீ போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாராவியில் உன் பட்டறைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறேன். பைகளுக்குத் தோல் வெட்டுவதும் தைப்பதும் இப்போது உன் மனைவி பாத்திமாதான். தையல் மெஷினுக்கு மேலே நாம் ஒட்டிய இரண்டு வரைபடத் தாள்களும் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் கார் பந்தயக்காரர்கள் எடுத்த பாயிண்டுகள், மற்றதில் உலகத்தின் அதிவேகக் கம்ப்யூட்டர்கள் ஏறிவந்த கோடு.

செம்பூர் ஆபீஸின் டிராயிங் செக்‌ஷனிலிருந்து கட்டத்தாள் கொண்டுவருவது என் வேலை. மாட்டுங்காவில் ரத்தி என்கிற பழைய பேப்பர் கடைகளில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பொறுக்குவது உன் வேலை. பத்திரிகையைப் பிரிப்பதற்கு முன் இருவரும் முடிவை ஊகித்துத் தாளில் புள்ளி வைத்துவிட வேண்டும். எனக்குச் சிவப்புப் பென்சில், உனக்கு நீலம். யார் புள்ளி உண்மைக்குப் பக்கத்தில் வருகிறதோ அவருக்கு ஜெயம். பந்தயம் முடிந்து மாதக்கணக்காகியிருக்கும், ஆனாலும் நமக்கு அதுதான் சுடச்சுடச் செய்தி.

நம் பிரியத்துக்குரிய அந்த ஓட்டுநரை மறந்திருக்க மாட்டாய். கொஞ்ச காலம் பத்திரிகையே கிடைக்காமல், ஊகத்தின் மேல் ஊகமாக அவருக்குப் பாயிண்ட் போட்டுக்கொண்டே போனோம். பிறகு ஒரு கட்டுப் பத்திரிகை வந்தது. அவர் விபத்தில் இறந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. நான் கோட்டை நிறுத்தப் போனேன், நீ கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நிறுத்தாத மச்சான். அவன் சராசரி நமக்குத் தெரியும்லா? சீசன் முடியுற வரைக்கும் ஓட்டுவோம்."

ஓட்டினோம். தாளில் அவர் சாம்பியனே ஆகிவிட்டார். நீ சிரித்தாய், நான் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனதும் நானும் அதையேதான் செய்தேன். உன் பழைய ஊகங்கள் எல்லாம் தாளில் இருக்கின்றனவே. கம்ப்யூட்டர் என்றால் என் புள்ளிக்குச் சற்று மேலே வைப்பாய், பந்தயக்காரன் என்றால் சற்றுக் கீழே. அந்த வித்தியாசங்களின் சராசரியை எடுத்து, என் ஊகத்துக்குப் பக்கத்தில் உனக்காகவும் ஒரு நீலப் புள்ளி வைத்தேன். எதிரே நீ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஆனால் நீ ஜெயிக்க ஆரம்பித்தாய். உயிரோடு இருந்தபோது என்னை இப்படித் தோற்கடித்ததே இல்லை. என்ன கணக்கு இது, மாப்ளே?

போன முறை ஒரு பந்தயக்காரனுக்குப் புள்ளி வைக்கும்போது கணக்கு கீழே வை என்றது. கை மேலே போய் வைத்துவிட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. அழிக்க ரப்பரை எடுத்தேன். பாத்திமா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழிக்காதீங்கண்ணே. அவுகளே வச்ச மாதிரி இருக்கு."

பத்திரிகையைப் பிரித்தேன். முடிவு அந்தப் புள்ளியின் மேலேயே வந்து உட்கார்ந்தது. பாத்திமா மெஷினை நிறுத்தினாள்.

"கொஞ்ச நாளா அவுக கனவுல வந்து நிக்காக. அவுக கண்ணுல தூக்கமே இல்ல. பென்சிலு எங்கன்னு கேக்காக. போதும்ணே, விட்டுருங்க. அவுக ரூஹு நிம்மதியாப் போகட்டும்."

கணக்குப் படித்தவன் நான், சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. உன் ஆன்மாவைப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது நானா? நீ இங்கே இருப்பதற்குப் பயப்படுகிறேனா, இல்லாமல் போய்விடுவாய் என்றா? எனக்கு உன்னை ரொம்பத் தேடுகிறது, மாப்ளே. அதை மட்டும் எந்தத் தாளிலும் வரையத் தெரியவில்லை.

ஒரு செய்தி. மழையைக் கணிக்க, நம் தாளில் இருப்பதுபோல் ஒரு அதிவேகக் கம்ப்யூட்டர் தில்லிக்கே வரப்போகிறதாம். பட்டறைக்குள் தண்ணீர் என்றைக்குப் புகும் என்று அதைக் கேட்க வேண்டும் என்பாயே. இந்த மழையிலும் தோல் நனைந்து வீணாயிற்று.

புதுப் பத்திரிகை வந்து பிரிக்காமல் கிடக்கிறது. என் சிவப்புப் புள்ளியை வைத்துவிட்டேன். நீலப் பென்சிலைப் பாத்திமாவிடம் கொடுத்தேன், அவள் கத்திகள் இருக்கும் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டாள். அடுத்த ஞாயிறு வந்து பிரிப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், இனி உனக்காகப் புள்ளி வைக்க மாட்டேன். உன் இடம் காலியாகவே இருக்கும்.

நீயும் வைக்காதே, மாப்ளே.

பாத்திமா அண்ணன் என்று கூப்பிடுவதால்
உனக்கு என்றும் மச்சானான,
செல்வராஜ்