நைனாவின் அம்மா வார்த்தைகள்

அன்பு மகள் தேன்மொழிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஏழுமலையான் தயவில் எல்லாரும் சௌக்கியம் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நன்றாக இருக்கிறீர்களா, வெளியே போகும்போது தலைக்குக் குல்லா போட்டுக்கொள். போனில் பேசினால் உன் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், உண்மையைச் சொல்ல முடிவதில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம், பக்கத்து வீட்டு ரேகா இதை போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

போன வாரம் நைனாவைத் திருப்பதியில் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனேன். சித்தூர் தாண்டுவதற்குள்ளேயே பஸ்ஸிலிருந்து இறங்கப் பார்த்தார், ஸ்கூலுக்கு நேரமாகிறதாம். ரிடையராகி எத்தனை வருஷமாச்சு. டாக்டர் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார், போன ஞாபகம் திரும்பாது, இருக்கிறதும் ஒவ்வொன்றாகப் போகும், பார்க்க வேண்டியவர்களை அடையாளம் தெரிகிறபோதே வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று. வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கினார்.

உனக்கு நினைவிருக்கும், இங்கிலீஷ் வாத்தியார் வேலை போதாதென்று வீட்டிலும் டிக்ஷனரியைப் புரட்டுவாரே. என் பேரை இங்கிலீஷில் எழுதினால் கடைசியில் ஏ, எம், எம், ஏ வருகிறதாம், அதே நாலு எழுத்து ஒளிந்திருக்கிற பழைய வார்த்தைகளாகப் பொறுக்குவார். ‘ஏமே, இன்னிக்கும் உன்னப் புடிச்சிட்டேன்’ என்பார். மூட்டை தூக்குகிறவனுக்கு ஹம்மால். நீ இருக்கிற ஸ்காட்லாந்தில் ஓட்ஸ் மாவைப் பச்சையாகத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்களாம், அது டிரம்மாக், ‘பாருமே, அவங்க கூழுலயும் நீ கீறே’ என்று சிரிப்பார். டைகம்மா என்று ஒன்று, கிரேக்க எழுத்து வரிசையிலிருந்தே விழுந்துபோன எழுத்தாம். வேலையற்ற வேலை என்று நான் திட்டுவேன். இப்போது அத்தனையும் போய்விட்டது. என்னையே தெரியவில்லை, தேனு. கல்யாணமான நாளிலிருந்து ஏமே, வாமே, போமேதான், இப்போது ‘அம்மா, நீங்க எந்த ஊரு, சாப்ட்டீங்களா’ என்கிறார். மரியாதை வந்துவிட்டதே என்று சந்தோஷப்படச் சொல்கிறாயா.

உன்னை மட்டும் இன்னும் மறக்கவில்லை. தேனு ஸ்கூல் விட்டு வந்துட்டாளா என்று சாயந்திரமானால் தெருவைப் பார்க்கிறார். நேற்று, ஆகஸ்டில் வருகிறாள் என்றேன். சட்டென்று வகுப்பில் பேசுகிற அந்தக் குரலில் ‘ஆகஸ்டா? லேட்டர் லம்மாஸ்’ என்றார். என் வார்த்தைகளில் ஒன்று திரும்பிவிட்டதென்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லம்மாஸ் என்றால் ஆகஸ்டில் புதுக் கோதுமை ரொட்டி சுட்டுக் கோயிலுக்குக் கொடுக்கிற பண்டிகை, எப்போதோ சொல்லியிருக்கிறார். உடனே கேசரி கிண்டிக் கொடுத்தேன். ரேகா எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாளே, அவளிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். லம்மாஸ்தான் ஆன்ட்டி பண்டிகை, லேட்டர் லம்மாஸ்னா வரவே வராத நாளுன்னு அர்த்தம் என்றாள்.

தெரிந்து சொன்னாரோ, வாய்க்கு வந்ததைச் சொன்னாரோ, விடிந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். உன் வேலை, லீவு, டிக்கெட் கஷ்டம் எல்லாம் எனக்கும் தெரியும், அதனால்தான் ஒருநாளும் உன்னை வா என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஆகஸ்ட் வேண்டாம், உடனே புறப்படு.

அலமேலுமங்கைத் தாயார் உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நீ வாசலில் வந்து நிற்கும்போது நைனா ‘யாரும்மா நீங்க’ என்று கேட்டால் அழுதுவிடாதே, உன் பேரைச் சொல்லு. நானும் தினமும் காலையில் என் பேரைச் சொல்லித்தான் அவருக்குக் காபி கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலம்மா