கடல் பசு பார்க்கப் போனது

4-1-2009, ஆம்பூர்
எழுதப் படிக்கக் கற்ற பிறகு இதுதான் என் முதல் டைரி. பக்கத்து வீட்டு மஹ்பூபி கற்றுக்கொடுத்தது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அந்தமானில் நர்ஸாக இருக்கும் மகள் கரோலின் டிக்கெட் அனுப்பியிருக்கிறாள். போக ஆசைதான். ஆனால் அவள் புருஷனும் அங்கேதானே இருப்பார்?

9-1-2009, அந்தமான்
விமான ஜன்னலில் கடலைப் பார்த்ததும் "வெட் புளூ!" என்று கத்திவிட்டேன். எங்கள் தோல் கம்பெனியில் முதல் பதத்தில் எடுக்கும் ஈரத் தோலுக்கு அந்தப் பெயர். அதே நீலம். நாற்றம்தான் இல்லை.

10-1-2009
கரோலின் புருஷன் பெயர் பரணிதரன். டூரிஸ்டுகளைக் கயாக்கில் தீவு தீவாக அழைத்துப் போகிறார். இரண்டு பேர் உட்காரும் ஒல்லிப் படகு. என்னைக் கேட்காமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதனால் நான் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவேன்.

இன்று கரோலின் அழுதேவிட்டாள். "நாலு வருஷமாச்சுப்பா. மாப்ளன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

என்னைக் கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனே. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?

12-1-2009
கயாக்கில் போனோம். நான் முன்னால், அவர் பின்னால். என் துடுப்பு அவர் துடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

"அவசரமே இல்ல மாமா. லேசா போடுங்க."

"சரி சார்."

தண்ணீர் கண்ணாடி மாதிரி. அடியில் மணல்மேல் படகின் நிழலும் எங்களோடு வந்தது. ஒரு ஆமை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. தெரிந்த ஆள் இல்லை என்று போய்விட்டது. கரையோர மர வேர்மேல் ஒரு மீன்கொத்தி. தூங்காமலே கனவு.

13-1-2009
இங்கே கடல் பசு உண்டாம். கடலுக்கு அடியில் புல் மேயுமாம்!

"தோல் எப்டி இருக்கும் சார்?"

"இங்க வந்துமா மாமா?" சிரித்தார். அவரே பார்த்து இரண்டு வருஷம் ஆகிறதாம். தினமும் தேடுகிறாராம். "சத்தம் கேட்டா முழுகிடும். பாத்தீங்கன்னா கைய மட்டும் தூக்குங்க."

15-1-2009
பார்த்தேன்!

இரண்டு தீவுகளுக்கு நடுவே. முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு சாம்பல் நிற முதுகு. கன்றுக்குட்டிக்கு இருப்பது போல ஈர மூக்கு. பக்கத்தில் அதன் குட்டி, தாய்மேல் சாய்ந்தபடி. கையைத் தூக்க வேண்டும், தெரியும். கை வரல, வாய்தான் வந்துச்சு —

"மாப்ள! மாப்ள, அங்க பாருங்க!"

முழுகிவிட்டது.

ஐயோ, கெடுத்துட்டேனே என்று திரும்பினேன். அவர் கடலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துடுப்பு மடியில் கிடந்தது.

"பாத்தீங்களா?"

"இல்ல மாமா. பரவால்ல."

இருவரும் துடுப்புப் போடவில்லை. படகு தன் போக்கில் மிதந்துகொண்டிருந்தது.

2-2-2009, ஆம்பூர்
கடைத்தெருவில் பழைய தோஸ்த் சர்தார் பாஷா பிடித்துக்கொண்டான். "இன்னாப்பா, ஆளையே காணோம்! பொண்ணு வூட்டுக்குப் போனியா?"

"மாப்ள வூட்டுக்கு" என்றேன்.