முகட்டுக்கு மேலே நாலடி

ஏனுங்க,

போன ஞாயிற்றுக்கிழமை வால்பாறை பங்களாவில் கணப்பு மூட்டினார்கள். யூக்கலிப்டஸ் விறகின் வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் சட்டைதான் ஞாபகம் வந்தது. புகை ஓர் இழைகூட அறைக்குள் வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பங்களா இப்போது ரிசார்ட். "அப்பா வேலை செஞ்ச எடத்தைப் பாத்துட்டு வரலாம்மா" என்று பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து நம் மகள் காரில் கூட்டிப்போனாள். கணப்புக்குப் பக்கத்தில் இங்கிலீசில் எழுதிய பித்தளைத் தகடு ஒன்று பதித்திருக்கிறார்கள். அவள்தான் வாசித்துக் காட்டினாள். இந்தப் புகைபோக்கி வெள்ளைக்காரர் வடிவமைத்ததாம், அன்று முதல் இன்றுவரை புகை திரும்பியதே இல்லையாம்.

பச்சைப் பொய். கருங்கல் சுவர், தேக்குத் தளம், பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய சன்னல் எல்லாம் அவர்கள் கட்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் புகைபோக்கியைக் கூரை முகட்டைவிடக் குட்டையாக விட்டுப் போய்விட்டார்கள். ஆனி பிறந்தால் மேல்காற்று முகட்டைத் தாண்டி வந்து புகையை அப்படியே திருப்பி உள்ளே அடிக்கும். அந்த வீட்டில் இருந்த தொரைமார் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டே குளிர் காய்ந்தார்கள். எஸ்டேட் கொத்தனாரான நீங்கள்தான் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கட்டுனவங்க கல்லைப் பாத்தாங்க, காத்தைப் பாக்கல" என்றீர்கள்.

அந்தக் கோடையில் உச்சியைப் பிரித்து முகட்டுக்கு மேலே நாலடி ஏற்றினீர்கள். செங்கல் லாரி கீழே பங்களா கேட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மேடேறி, ஏணியேறி, அத்தனை செங்கல்லையும் தலையில் சுமந்த ஒரே சித்தாள் நான்.

ரிசார்ட்டிலிருந்து ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு நம் வீடு தேடி வந்தாளே, நீங்கள் போவதற்கு முந்தின வருசம். "அந்தப் புகைபோக்கி நீங்க கட்டினதா எஸ்டேட்ல சொல்றாங்களே" என்று நேராகவே கேட்டாள். "அட, நாம என்னங்கம்மணி பண்ணிப்போட்டோம். எல்லாம் தொரைங்க மூளைங்க. காப்பி குடிங்க" என்றீர்கள். வந்தவர் முன்னால் தன் வேலையைத் தானே சொல்லிக்கொள்வது உங்களுக்கு மரியாதைக் குறைவு. அவள் போனபிறகு சண்டை போட்டேன். "சொல்லி என்னாகப் போவுது, உடு புள்ள" என்று பீடியைப் பற்றவைத்தீர்கள். அவள் இருந்தபோது டம்ளரோடு வாய் மூடி நின்றேனே, அந்தக் கோபம் என்மேலும் உண்டு.

உங்கள் உழைப்பை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், அது உங்கள் குணம். என்னுடையதை யாரைக் கேட்டு விட்டுக்கொடுத்தீர்கள்?

மேனேஜரைக் கூப்பிட்டேன். "இது எங்க ஊட்டுக்காரரு கட்டுனதுங்க. நான் செங்கல் சொமந்தனுங்க. தகட்டுல இருக்கறது தப்புங்க" என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அவரே குடுத்த தகவல்னு பைல்ல இருக்குதுங்கம்மா. வேற ஆதாரம் இருக்குங்களா?"

நான் முக்காட்டை விலக்கிக் குனிந்து உச்சந்தலையைக் காட்டினேன். சும்மாடு அழுத்தி அழுத்தி முடி முளைக்காமல் போன இடம். "இதுதானுங்க" என்றேன். மகள் அந்த இடத்தில் கை வைத்தாள். எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவதாக மேனேஜர் சொன்னார்.

முதல் காகிதம் உங்களுக்கு. அடுத்தது அவர்களுக்கு. அதில் உங்கள் பெயர் இருக்கும், பக்கத்திலேயே என் பெயரும் இருக்கும். காப்பி குடிங்க என்று பேச்சை மாற்ற இந்த முறை நீங்கள் இல்லை.